கோரையைப் பிடுங்கினா தப்பா? சிவப்புப் பட்டியல்ல இருக்கிற ஒரு களையின் கதை

(ஒலிப்பதிவின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த எபிசோடுக்குக் காரணம் ஒரு வாய்ஸ் மெசேஜ். மாடித்தோட்டம் வச்சிருக்கிற ஒரு நேயர் அனுப்பியிருந்தாங்க. தொட்டியில கத்தரிக்காய் போட்டா கோரை வருது, வெண்டை போட்டாலும் கோரை வருது, ஒண்ணுமே போடாம விட்டாலும் கோரைதான் வருதுன்னு ஒரே புலம்பல். சரி, ஒழிக்க வழி தேடலாம்னு போனைத் திறந்தா, அந்தச் செடியோட பக்கத்துல "ஐயூசிஎன் சிவப்புப் பட்டியல்" அப்படின்னு ஒரு வரி. உடனே அவங்களுக்கு ஒரு பயம். "இது அழியப் போற செடியா? நான் இவ்வளவு நாளா பிடுங்கிப் போட்டது தப்பா?"

முதல்ல பதிலைச் சொல்லிடறேன், ஏன்னா அவங்க பாவம், ஒரு வாரமா காத்துக்கிட்டு இருக்காங்க. தப்பே இல்ல. தாராளமா பிடுங்குங்க. ஆனா அந்தக் கேள்விக்குள்ள இன்னொரு கேள்வி ஒளிஞ்சிருக்கு. புலி, காண்டாமிருகம், வரையாடு எல்லாம் இருக்கிற ஒரு பட்டியல்ல, உலகமே ஒழிக்க நினைக்கிற ஒரு களைக்கு என்ன வேலை? யாரோ உட்கார்ந்து, "கோரை அழிஞ்சிடுமா?"ன்னு யோசிச்சு, "அழியாது"ன்னு எழுதி, அதை இன்னொருத்தர் சரிபார்த்து ஒப்புதல் கொடுத்திருக்காங்க. எதுக்கு?

கோரை யாருன்னு கொஞ்சம் பார்த்துடுவோம். சைப்ரஸ் ரோட்டண்டஸ். 1753-ல லின்னேயஸ் வச்ச பேரு. ரோட்டண்டஸ்னா உருண்டை, அதோட கிழங்கை வச்சு வந்தது. நம்ம ஊர் நாட்டு மருந்துக் கடையில கோரைக்கிழங்குன்னு கேட்டா எடுத்துக் கொடுப்பாங்க. முத்தக்காசுன்னும் சொல்வாங்க. உங்க வீட்டுல குளியல் பொடி அரைச்சிருந்தா, அந்த வாசனையில ஒரு பங்கு இதோடதுதான். பார்க்கப் புல் மாதிரி இருக்கும், ஆனா புல் இல்ல. தண்டை விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாருங்க. உருளாது, மூணு விளிம்பு தட்டும். புல்லுன்னா தண்டு பெரும்பாலும் உருண்டையா, உள்ளே கூடா இருக்கும். கோரைக் குடும்பம் தனிக் குடும்பம். உலகம் முழுக்க 5,000-க்கும் மேற்பட்ட இனங்கள் அதுல இருக்கு. இந்த எண்ணிக்கையை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில தேவைப்படும்.

1977-ல லெராய் ஹோம் அப்படின்னு ஒரு களை அறிவியலாளரும் அவரோட கூட்டாளிகளும் உலகத்தோட மோசமான களைகளைப் பத்தி ஒரு தடிமனான புத்தகம் போட்டாங்க. அதுல முதலிடம் நம்ம கோரைக்கு. 92 நாடுகள்ல, 52 பயிர்கள்ல களையா இருக்குன்னு அவங்க கணக்கு. ஒலிம்பிக்ஸ்ல கூட நாம இப்படி ஒரு தங்கம் வாங்கினதில்லைன்னு சொல்லலாம். ஏன் "நாம"ன்னா, கோரைக்கு இந்தியாவும் சொந்த ஊர். ஆப்பிரிக்கா, தெற்கு ஐரோப்பா, தெற்கு ஆசியா வரைக்கும் அதோட இயற்கையான பரப்பு. அமெரிக்கக் கண்டங்களுக்கும் ஹவாய்க்கும் மனுஷங்க கூடத்தான் போச்சு.

இது ஏன் இவ்வளவு அடங்காப்பிடாரியா இருக்குன்னா, காரணம் மண்ணுக்குக் கீழே இருக்கு. ஒரு கிழங்கு முளைக்கும். மேல இலை விடும். அதே நேரத்துல கீழே வேர் மாதிரி ஒரு தண்டு பக்கவாட்டுல ஓடிப் போய், நுனியில இன்னொரு கிழங்கு வைக்கும். அதுலேர்ந்து இன்னொண்ணு. சங்கிலி மாதிரி. இந்தச் சங்கிலி அறுபடாம இருக்கிற வரைக்கும், முதல்ல முளைச்ச மொட்டு மத்த மொட்டுகளை அடக்கி வச்சிருக்கும். நீங்க என்ன பண்றீங்க? மண்வெட்டி எடுத்து நல்லாக் கொத்தி விடறீங்க. சங்கிலி துண்டு துண்டா போகுது. இப்ப அடக்கி வைக்க ஆள் இல்ல. ஒவ்வொரு கிழங்கும் தனித்தனியா முளைக்குது. பத்தா இருந்தது நூறா வருது. அந்த நேயர் "கொத்தக் கொத்த வருது"ன்னு சொன்னாங்க இல்ல, அது புலம்பல் மட்டும் இல்ல, தாவரவியல்.

விதையை இது பெரிசா நம்பியே இல்ல. முளைக்கிற விதை ரொம்ப அபூர்வம். எல்லா முதலீடும் கிழங்குலதான். அதோட இது கரும்பு, மக்காச்சோளம் மாதிரி வெயில்ல நல்லா வேலை செய்யற ஒளிச்சேர்க்கை முறை உள்ள செடி. ஏப்ரல், மே வெயில்ல உங்க தக்காளி தலை தொங்கும், இது நிமிர்ந்து நிக்கும். களை வராம இருக்கப் பாத்திகள்ல விரிக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கூட இதோட முளை குத்திக்கிட்டு மேல வந்துடும். இதுக்கு இருக்கிற ஒரே பெரிய பலவீனம் நிழல். அதுக்குப் பிறகு வர்றேன்.

இப்ப பட்டியலுக்கு வருவோம். ஐயூசிஎன், அதாவது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம். 1964-லேர்ந்து சிவப்புப் பட்டியலை நடத்துறாங்க. இதுல பலருக்கு இருக்கிற குழப்பம், சிவப்புப் பட்டியல்னா அழியப் போற உயிரினங்களோட பட்டியல்னு நினைக்கிறது. நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சிருந்தேன். உண்மையில அது மதிப்பீடு செஞ்ச எல்லா இனங்களோட பட்டியல். இதுவரைக்கும் 1,60,000-க்கும் மேற்பட்ட இனங்களை மதிப்பிட்டிருக்காங்க. அதுல அச்சுறுத்தலுக்கு உள்ளானதுன்னு சொல்றது 46,000-க்கும் மேல. மீதியில பெரும்பகுதி, "லீஸ்ட் கன்சர்ன்". நம்ம பாஷையில சொல்லணும்னா, இப்போதைக்குப் பெரிசா கவலைப்பட வேண்டாம். கோரை அந்த வகைதான்.

எப்படி முடிவு பண்றாங்க? 1994-லேர்ந்து எண் கணக்கு வந்திருக்கு. பத்து வருஷத்துல, இல்ல மூணு தலைமுறைக் காலத்துல, இதுல எது அதிகமோ அதுல, எண்ணிக்கை எவ்வளவு குறைஞ்சிருக்கு? 30 சதவீதம் குறைஞ்சிருந்தாலே ஆபத்து வகைக்குள்ள வரும் வாய்ப்பு இருக்கு. பரவியிருக்கிற பரப்பு 20,000 சதுர கிலோமீட்டருக்குக் கீழே போச்சா? போயிருந்தா, கூடவே வேற பிரச்சினைகளும் இருக்கான்னு பார்ப்பாங்க. முதிர்ந்த உயிரிகள் 50-க்கும் குறைவுன்னா நேரா மிக ஆபத்தான நிலை. கோரைக்கு இதுல ஒரு கேள்வியில கூட "ஆமா"ன்னு பதில் வராது. பரப்பை எடுத்தா கண்டங்கள்ல பேசணும்.

சரி, அப்ப ஏன் மெனக்கெடணும்? இங்கதான் விஷயம் இருக்கு. ஒரு ஊர்ல எத்தனை பேருக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சுக்க, ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு கணக்கெடுத்தா என்ன ஆகும்? ஊருக்கே காய்ச்சல்னு வரும். நல்லா இருக்கிறவங்க வீட்டுக் கதவையும் தட்டினாதான் விகிதம் கிடைக்கும். அழியறாப்ல தெரியற செடிகளை மட்டும் மதிப்பிட்டுக்கிட்டே இருந்தா, "உலகத்துல எத்தனை சதவீதத் தாவரங்கள் ஆபத்துல இருக்கு?"ங்கிற கேள்விக்கு யாராலயும் பதில் சொல்ல முடியாது. லண்டன்ல கியூ தாவரவியல் தோட்டம் இருக்கு இல்லையா, அவங்களும் கூட்டாளிகளும் இதுக்காகவே எழுமாறா, சீட்டுக் குலுக்கற மாதிரி, இனங்களை எடுத்து மதிப்பிட்டாங்க. 2010-ல வந்த முடிவு: தாவரங்கள்ல ஐந்துல ஒண்ணு ஆபத்துல இருக்கு. அந்த "ஐந்துல ஒண்ணு"ங்கிற வாக்கியத்துல, மீதி நாலு பேரையும் யாரோ பார்த்து எழுதியிருக்காங்க. அந்த நாலு பேர்ல இருக்கிற ஆள்தான் களை.

இன்னொரு வழி, ஒரு இடத்துல இருக்கிற எல்லாத்தையும் எடுத்துக்கறது. நம்ம பக்கத்துலயே நடந்திருக்கு. மேற்குத் தொடர்ச்சி மலையோட நன்னீர் உயிரினங்கள் பத்தி 2011-ல ஒரு அறிக்கை வந்தது. ஐயூசிஎன் கூடச் சேர்ந்து கோயம்புத்தூர்ல இருக்கிற ஜூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன் வேலை செஞ்சாங்க. மீன், தும்பி, நத்தை, அதோட நீர்த்தாவரங்கள். இந்த மாதிரி வேலையில "அழகா இருக்கிறது, அபூர்வமானது மட்டும் வா"ன்னு கூப்பிட முடியாது. ஈரத்துல வளர்றது எல்லாம் உள்ள வரணும். வல்லாரை, கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, நீர்ப்பிரமி, எல்லாமே சிவப்புப் பட்டியல்ல "லீஸ்ட் கன்சர்ன்"னு இருக்கு. நீங்க நேத்து துவையல்ல சாப்பிட்டதுக்கும் ஒரு கோப்பு இருக்குன்னு வச்சுக்கோங்களேன்.

ஆனா எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச காரணம் இது எதுவும் இல்ல. களைன்னா அழியாதுங்கிற நம்பிக்கை இருக்கு பாருங்க, அது பொய்.

இங்கிலாந்துல கார்ன்காக்கிள்னு ஒரு செடி. கோதுமை வயல்ல வர்ற களை. இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த, பார்க்க ரொம்ப அழகான பூ. விவசாயிக்கு மட்டும் அது எமன், ஏன்னா விதை நச்சு. மாவுல கலந்தா ரொட்டி கெட்டுப் போகும். அந்தக் காலத்துக் கழிவுக் குழிகளை அகழாய்வுல தோண்டினப்ப, மனுஷங்க சாப்பிட்டு வெளியேத்தின அந்த விதையோட துண்டுகள் கிடைச்சிருக்கு. அவ்வளவு சாதாரணமான களை. நூற்றுக்கணக்கான வருஷம் பிடுங்கிப் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகல.

அது எப்படிப் பிழைச்சுதுன்னா, ஒரு தந்திரம். அதோட விதை கிட்டத்தட்ட தானியத்தோட அளவு. கதிர் அறுக்கும்போது சேர்ந்து வரும். சல்லடையில நிக்காது, தானியத்தோடயே போகும். அடுத்த வருஷம் விவசாயி தன் கையாலேயே அதையும் சேர்த்து விதைப்பார். நம்ம ஊர் நெல் வயல்லயும் நெல்லு மாதிரியே முகத்தை வச்சுக்கிட்டு ஒரு புல் நிக்கும். களையெடுக்கிற பாட்டி கண்ணுக்கு மட்டும்தான் அது வேற ஆள்னு தெரியும். அந்த மாதிரி ஒரு வேஷம். ஆனா கார்ன்காக்கிளுக்கு ஒரு குறை. அதோட விதை மண்ணுல ரொம்ப நாள் உயிரோட தூங்காது. வருஷா வருஷம் யாராவது விதைச்சே ஆகணும்.

அப்புறம் விதை சுத்தம் பண்ற இயந்திரம் நல்லா வந்தது. விதைக்கிற தானியம் சுத்தமாச்சு. பின்னாடியே களைக்கொல்லியும் வந்தது. 20-ஆம் நூற்றாண்டு முடியறதுக்குள்ள, பிரிட்டனோட வயல்கள்ல கார்ன்காக்கிள் கிட்டத்தட்ட இல்லாமலே போயிடுச்சு. யாரும் அதை வேட்டையாடல. காட்டை அழிக்கல. ஒரு சல்லடை மேம்பட்டது, அவ்வளவுதான். இன்னிக்கு அங்க இருக்கிறவங்க அதோட விதையைக் காசு கொடுத்து வாங்கி, காட்டுப்பூ பாத்தின்னு தோட்டத்துல விதைக்கிறாங்க. முப்பாட்டன் இதைப் பார்த்தா என்ன சொல்வாரோ.

பூச்சியிலயும் ஒரு கதை இருக்கு, சுருக்கமா சொல்றேன். ராக்கி மலை வெட்டுக்கிளி. 1870-கள்ல அமெரிக்காவோட நடுப்பகுதியில சூரியனை மறைக்கிற அளவு கூட்டமா வந்து பயிரைத் தின்னுது. உயிரோட கடைசியாப் பிடிச்சது 1902-ல. முப்பது வருஷத்துக்குள்ள முழுசா காலி. கூட்டம் பெரிசா இருந்தாலும் அது முட்டை போட்டுப் பெருகின இடம் மலையடிவார ஆத்துப் பள்ளத்தாக்குகள்ல சில இடங்கள் மட்டும்தான், அதைக் குடியேறினவங்க உழுதுட்டாங்கங்கிறது பலர் ஏத்துக்கிற விளக்கம். எண்ணிக்கை எவ்வளவுன்னு பார்க்கறது மட்டும் போதாது, அது எதை நம்பிப் பிழைக்குதுன்னு பார்க்கணும்.

இதை வச்சு நம்ம கோரையைத் திரும்பப் பாருங்க. கோரைக்கு உங்க உதவி வேண்டாம். நீங்க விதைக்க வேண்டாம், அறுக்க வேண்டாம். மண்ணுக்குள்ள தனக்குன்னு ஒரு பேங்க் லாக்கர் வச்சிருக்கு. வயல், ரோட்டோரம், கிரிக்கெட் மைதானம், கோயில் பிராகாரம், எல்லாமே அதுக்கு வீடு. எந்த ஒரு பழக்கத்தை நாம மாத்தினாலும் மொத்தமா காலியாகற செடி இல்ல. அதனாலதான் அந்த "லீஸ்ட் கன்சர்ன்". செடி நிறைய இருக்குங்கிறதைவிட, அது பிழைக்கிற விதம்தான் அதோட பாதுகாப்பு.

இன்னொரு நுணுக்கம். மதிப்பீடு பண்ணும்போது ஒரு இனத்தோட சொந்தப் பரப்பை மட்டும்தான் கணக்குல எடுப்பாங்க. வெளியூர்ல போய்ப் பரவினது சேராது. இதனால விசித்திரமான நிலைமை வரும். மான்ட்ரே பைன்னு ஒரு மரம். நியூசிலாந்து, சிலி, ஆஸ்திரேலியாவுல லட்சக்கணக்கான ஹெக்டேர்ல நட்டு வச்சிருக்காங்க. நியூசிலாந்துல தோட்டத்தை விட்டு வெளியே பரவி, பைனே ஒரு களைன்னு காசு செலவு பண்ணி வெட்டறாங்க. ஆனா அதோட சொந்த ஊர் கலிஃபோர்னியா கடற்கரையில மூணு இடமும், மெக்சிகோவைச் சேர்ந்த ரெண்டு தீவும் மட்டும். அங்க அது ஆபத்துல இருக்கு. அதனால சிவப்புப் பட்டியல்லயும் "எண்டேஞ்சர்ட்". ஒரே மரம், ஒரு நாட்டுல கோடரி, இன்னொரு நாட்டுல வேலி. நம்ம தெருவெல்லாம் மே மாசம் சிவப்பாக்கற குல்மொஹர் கூட மடகாஸ்கர்லேர்ந்து வந்த மரம்தான். அதுவும் ஒரு காலத்துல அந்தப் பட்டியல்ல ஆபத்து வகையில இருந்து, பின்னாடி மறுமதிப்பீட்டுல கீழே இறங்கினது.

இப்ப நான் கொஞ்சம் கோவப்படற இடத்துக்கு வர்றேன். "லீஸ்ட் கன்சர்ன்" அப்படிங்கிறது உலக அளவுல சொல்ற வார்த்தை. உங்க ஏரியைப் பத்தி அது ஒண்ணுமே சொல்லல. கோரையோட உறவுக்காரச் செடி ஒண்ணு எல்லாருக்கும் தெரியும், பாப்பிரஸ். எகிப்துல காகிதம் செஞ்ச செடி. அதுவும் சைப்ரஸ்தான். ஆப்பிரிக்கா முழுக்கச் சதுப்புல நிறைய இருக்கு, உலகக் கணக்குல கவலை இல்லாத வகை. ஆனா அதுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த எகிப்துல, நைல் கரையிலேர்ந்து கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு. பட்டியல்ல ஒரு எழுத்து மாறல.

சென்னையில பள்ளிக்கரணை சதுப்பு ஒரு காலத்துல இப்ப இருக்கிறதைப் போலப் பல மடங்கு பெரிசு. 2022-ல அதுக்கு ராம்சர் அங்கீகாரம் கிடைச்சது, சந்தோஷம். ஆனா சுருங்கின பரப்புலேர்ந்து போன செடிகள், உலகத்துல வேற எங்கயோ நல்லா இருக்கிற வரைக்கும், எந்தப் பட்டியல்லயும் சிவப்பா மின்னாது. ஒரு திட்டத்தைப் பத்திப் பேசும்போது "இங்க இருக்கிறது எல்லாம் லீஸ்ட் கன்சர்ன் செடிதானே, எடுத்துடலாம்"னு யாராவது சொன்னா, அது அந்த வார்த்தையைத் தப்பாப் பயன்படுத்தறது. இதை நான் ஒரு வாட்டி இல்ல, பல வாட்டி கேட்டிருக்கேன்.

இங்கதான் அந்த 5,000 எண்ணிக்கை. ஏரிக்கரையில மூணு விளிம்புத் தண்டோட நிக்கறது எல்லாமே நம்ம வாயில "கோரை"தான். பத்தமடைப் பாய் நெய்யறாங்களே, அந்தக் கோரை சைப்ரஸ் பங்கோரை, வேற இனம். முசிறி, கரூர் பக்கம் காவிரி ஓரத்துல பாய்க்குன்னே பயிர் பண்ற கோரையையும் உங்க தொட்டிக் கோரையையும் ஒரே பேர்ல கூப்பிடறோம். ஒரே பேர் இருக்கிறதால, உலகத்தோட மோசமான களையோட கெட்ட பேர், பக்கத்துல நிக்கிற அப்பாவி இனத்துக்கும் வந்துடுது. "கோரை மண்டிக் கிடக்கு, மருந்து அடிச்சு சுத்தம் பண்ணுங்க"ன்னு ஒரு கரையில முடிவெடுத்தா, அங்க எத்தனை இனம் இருந்ததுன்னு எண்ணிப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டாங்க. மருந்துக்குப் பேர் தெரியாது.

எண்ணாம விடறதுல இன்னொரு சிக்கலும் இருக்கு. சிட்டுக்குருவியை எடுத்துக்கோங்க. "செல்போன் டவரால குருவியே இல்ல"ன்னு எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் வந்தது. 2020-ல வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை என்ன சொல்லுதுன்னா, நாடு முழுக்கப் பார்த்தா குருவி ஏறத்தாழ நிலையா இருக்கு, சென்னை மாதிரிப் பெருநகரங்கள்ல குறைஞ்சிருக்கு. இதைச் சொல்ல முடிஞ்சது ஏன்னா, பறவை பார்க்கிற ஆயிரக்கணக்கான பேர் காக்கா, குருவி, மைனான்னு சாதாரணப் பறவைகளையும் சலிக்காம எழுதி வச்சிருந்தாங்க. செடிக்கு அப்படி எழுதறவங்க ரொம்பக் கம்மி. குப்பைமேனி உங்க தெருவுல பத்து வருஷத்துக்கு முன்னாடி எவ்வளவு இருந்தது? ஞாபகம் இருக்கா? எனக்கும் இல்ல.

கோரைக்கும் நமக்கும் இருக்கிற உறவு ரொம்பப் பழசு, அதை ஒண்ணு சொல்லிட்டுத் தொட்டிக்குப் போறேன். சூடான்ல அல் கிதாய்னு ஒரு தொல்லியல் இடம். அங்க புதைஞ்ச மனுஷங்களோட பல்லுல படிஞ்ச காரையைச் சோதிச்சு 2014-ல ஒரு ஆய்வு வெளியாச்சு. விவசாயம் வர்றதுக்கு முன்னாடியிலேர்ந்தே அவங்க கோரைக்கிழங்கு சாப்பிட்டிருக்காங்க. வந்த பிறகும் விடல. பல்லைச் சொத்தையாக்கற ஒரு பாக்டீரியாவை இந்தக் கிழங்கு கட்டுப்படுத்தும், அங்க பல் சொத்தை குறைவா இருந்ததுக்கு அது ஒரு காரணமா இருக்கலாம்னு ஆய்வாளர்கள் சொன்னாங்க. அதுக்காக நாளைக்குக் காலையில பிரஷ்ஷைத் தூக்கிப் போட்டுடாதீங்க.

சரி, தொட்டி. நேயருக்கு நேரடியா சொல்றேன். கொத்தாதீங்க, அது சங்கிலியை அறுக்கற வேலை. ஒரு பயிர் முடிஞ்சதும் தொட்டியை மொத்தமா ஷீட்ல கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, கறுப்பா உருண்டையா கிடைக்கிற கிழங்குகளைப் பொறுக்குங்க. மண்ணை நல்ல வெயில்ல மெல்லிசாப் பரப்பிக் காய விடுங்க. முழுசா காய்ஞ்ச கிழங்கு முளைக்காது, ஈரம் இருந்தா முளைக்கும். பொறுக்கினதை கம்போஸ்ட் தொட்டியில மட்டும் போட்டுடாதீங்க, அது அதுக்கு விருந்து. நடுவுல தலை காட்டறதை இலை சின்னதா இருக்கும்போதே எடுத்துக்கிட்டே இருங்க. கீழே இருக்கிற சேமிப்பு கரையும், ஆனா ஒரு சீசன்ல முடியாது. அப்புறம் அந்தப் பலவீனம், நிழல். தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளின்னு நல்லாப் படர்ந்து மண்ணை மூடற செடியைப் போட்டா கோரை சோர்ந்து போகும்.

பொறுக்கின கிழங்கு ஒரு கைப்பிடி சேர்ந்தா, கழுவிக் காய வச்சு, அடுத்த வாட்டி குளியல் பொடி அரைக்கும்போது போட்டுடுங்க. நாட்டு மருந்துக் கடையில அதுக்குக் காசு வாங்கறாங்க.